சாதா சேம்பருக்குள் போனது யார்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் சாதனைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவையெல்லாம் ஆண்டறிக்கைகளில் இருக்கின்றன. பத்து நிமிடத்தில் படித்து முடித்துவிடலாம். அறிக்கையில் ஏறாத ஒரு விஷயத்தைத்தான் நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் நெல்லின் மரபணுக்களோடு வேலை பார்த்தவள் நான். அதில் ஓர் ஆடியும் ஆவணியும் நான் நடந்துகொண்ட விதத்தை என் மகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

சந்தேகப்படுவது நம் தொழில். முடிவு நன்றாக வந்தால் சந்தேகப்படு, கெட்டுப்போனால் இன்னும் சந்தேகப்படு என்றுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் யாரை முதலில் சந்தேகப்பட வேண்டும், யாரைக் கடைசியில் என்று யாரும் வரிசை போட்டுக் கொடுக்கவில்லை.

நாங்கள் வேலை பார்த்த இடம் கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே, ஆற்றை ஒட்டி, ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய ஆய்வுக்கூடம். இப்போது அது இல்லை. "திருநெல்வேலி வெயில்ல குளிரப் பத்தி ஆராய்ச்சியா?" என்று கேட்காத விருந்தாளி கிடையாது. நெல்லுக்குக் குளிர் என்பது வேறு. நாம் போர்வையைத் தேடாத குளிரிலேயே அதற்கு நடுக்கம் வந்துவிடும். பிசானம் என்று எங்கள் பக்கம் சொல்லும் பின்பருவ நெல்லுக்கு அணை திறக்கத் தாமதமானால் நடவும் தாமதமாகும். கதிர் வெளிவராமல் இன்னும் தொண்டையில் இருக்கும் நாளில் மலையடிவார வயல்களில் பனி இறங்கும். அந்தச் சமயத்தில் குளிர் பட்டால் மகரந்தம் செத்துவிடும். கதிர் வெளியே வரும், ஆனால் உள்ளே அரிசி இருக்காது.

அப்படி ஒரு வயலை மணிமுத்தாறு பக்கம் ஒரு தை மாதம் பார்த்தேன். கதிர்கள் எல்லாம் பாரமில்லாமல் நேராக நின்றன. வயல்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஒரு கதிரை உருவிக் கையில் கசக்கி, ஊதிக் காட்டினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"விதக்கடக்காரன் ஏமாத்திட்டான் மேடம். பக்கத்து வயலப் பாருங்க, தல சாஞ்சு நிக்கி. எனக்கு மட்டும் பழைய வெதையத் தள்ளிவிட்டுட்டான்."

"பக்கத்து வயல்ல என்ன நெல்லு?"

"அதே நெல்லுதான். அதே கடதான். அவன் அவுகளுக்குச் சொந்தக்காரன்லா."

பக்கத்து வயலில் பதினைந்து நாள் முன்னதாக நட்டிருந்தார்கள். அங்கே பனி இறங்கும் முன்பே கதிர் வெளியே வந்துவிட்டது. வித்தியாசம் அவ்வளவுதான். அதை அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். போகும்போது, "அந்தக் கடக்காரன் ஒங்களையும் கவனிச்சுட்டானோ?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். என்ன மனுஷன், கண்ணெதிரே காரணம் இருக்கிறது, ஆளைத் தேடுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அதே வருடம் நானும் ஆளைத் தேட ஆரம்பித்தேன்.

அந்த அடிவார வயல்களுக்காக நாங்கள் ஒரு நெல்லை உருவாக்கியிருந்தோம். உள்ளூர் நெல்லையும் மலைமேல் விளையும் நெல்லையும் கலந்து எடுத்தது. இருபத்தேழாம் எண் என்று கூப்பிடுவோம். வயலில் அது குளிரைத் தாங்கியது. ஏன் தாங்குகிறது என்று தெரிந்தால்தான் நம்பி விதை கொடுக்க முடியும். ஒரு பருவம் தாங்கியது தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா?

செடிக்குள் குளிரைச் சமாளிக்கும் மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். குளிர் பட்டதும் முதலில் விழித்துக்கொள்ளும் ஒரு மரபணு இருக்கிறது. அது விழித்து மற்றவற்றை எழுப்பும். அதன் பெயர் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். எங்கள் கூடத்தில் அதை 'எழுப்பி' என்றே சொல்வோம். இருபத்தேழாம் எண்ணில் எழுப்பி சீக்கிரம் விழிக்கிறது, உள்ளூர் நெல்லில் தாமதமாக விழிக்கிறது என்பது என் ஊகம். அதை நிரூபிக்க இரண்டு அறைகள். ஒன்று குளிர் சேம்பர். மற்றொன்று சாதா சேம்பர். அங்கே எல்லாம் வழக்கமான சூடு. சாதா சேம்பர் நாற்றுகளில் எழுப்பி தூங்க வேண்டும், குளிர் சேம்பர் நாற்றுகளில் விழிக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் கதை தெரிந்துவிடும்.

இரண்டு சேம்பர்களையும் கவனித்துக்கொண்டவர் காஜா மொய்தீன். மேலப்பாளையத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். நாங்கள் எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்தவரை எங்கள் இயக்குநர் கூட்டிவந்து வேலையில் வைத்தார். சேம்பரின் இரைச்சல் கொஞ்சம் மாறினாலே எந்த விசிறி தேய்கிறது என்று சொல்லிவிடுவார். பதினோரு வருடமாகத் தற்காலிகம். அந்த ஆவணியில் அவரை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது.

ஆடியில் முதல் தடவை அளந்தோம். குளிர் சேம்பரில் எழுப்பி விழித்திருந்தது, சரி. சாதா சேம்பரிலும் விழித்திருந்தது. குளிரே படாத செடியில் அது ஏன் விழிக்க வேண்டும்? அளவில் தவறு என்று நினைத்துத் திரும்ப அளந்தேன். அதே முடிவுதான் வந்தது. புது நாற்று வளர்த்து இரண்டாம் தடவை செய்தேன். அப்போதும் விழித்திருந்தது.

பிசான நாற்றங்காலுக்கு முன் விதை கொடுப்பதா வேண்டாமா என்று அறக்கட்டளைக் குழு முடிவு செய்ய வேண்டும். இந்த முடிவை வைத்துக்கொண்டு நான் எதுவும் சொல்ல முடியாது.

பாயிடம் கேட்டேன். "சாதா சேம்பர் சூடு எதுவும் குறைஞ்சுதா பாய்?"

"இல்ல மேடம். ஒரே சீரா ஓடுது."

"கரண்ட் போச்சா?"

"போனாலும் ஜெனரேட்டர் பிடிச்சிரும். போகல."

"வேற யாராவது உள்ள போனாங்களா?"

"சாவி ரெண்டுதான் மேடம். ஒண்ணு என்ட்ட இருக்கு, ஒண்ணு ஒங்கள்ட்ட இருக்கு."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது சாதாரணமாகக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது பாலத்தில் நடந்துகொண்டே அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். அவருடைய மச்சான் அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விதைக்கடை வைத்திருந்தார். அறக்கட்டளை இலவசமாக விதை கொடுத்தால் கடைக்கு நஷ்டம். இந்த இரண்டையும் முடிச்சுப் போட எனக்குப் பாலத்தின் பாதி நீளம் போதுமானதாக இருந்தது.

வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னபோது எங்கள் உறவினர் ஒருவர், "ஆளப் பாத்துல்லா சாவியக் குடுக்கணும்" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நான் மறுத்துப் பேசவில்லை. அதையும் இங்கே சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

மறுநாளிலிருந்து நான் வேவு பார்க்க ஆரம்பித்தேன். நாற்றுத் தொட்டிகளின் விளிம்பில் பென்சிலால் சிறு புள்ளிகள் வைத்தேன், யாராவது நகர்த்தினால் தெரியட்டும் என்று. மண்ணுக்குள் ஒரு சிறிய வெப்பப் பதிவுக் கருவியைப் புதைத்தேன். நாற்றுகளை மாற்றி வைத்துவிடுவாரோ என்று ஒவ்வொரு நாற்றின் இலையிலும் ஒரு தழும்பையோ மடிப்பையோ குறித்து வைத்துக்கொண்டேன். இலை வெட்டி எடுப்பது காலை ஏழேகாலுக்கு. அந்த நாட்களில் எல்லாம் ஆறேமுக்காலுக்கு முன்பே வந்து, சாதா சேம்பருக்குள் போய், என் குறிப்போடு ஒவ்வொரு நாற்றாகச் சரிபார்ப்பேன். குளிர் சேம்பர் கதவைத் திறந்தால் குளிர் கலைந்துவிடும் என்பதால் அதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி.

மூன்றாம் தடவையும் சாதா சேம்பர் செடிகள் விழித்திருந்தன. புள்ளிகள் நகரவில்லை. பதிவுக் கருவி சூடு கொஞ்சமும் மாறவில்லை என்றது. நாற்றுகள் அதே நாற்றுகள்தான். நிதானமுள்ள ஆள் இந்த இடத்தில் பாய் மேல் தவறில்லை என்று முடிவு செய்திருப்பார். நான் என்ன முடிவு செய்தேன் தெரியுமா? அவர் நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரர், செடியை விட்டுவிட்டு வெட்டிய இலைகளை மாற்றுகிறார் என்று. சந்தேகம் ஒருமுறை ஆளைப் பிடித்துவிட்டால், அந்த ஆளுக்குச் சாதகமான சாட்சியும் பாதகமாகத்தான் தெரியும். இதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

நான்காம் தடவை அளக்க வேண்டிய வாரத்தில் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. அளவெடுக்கும் வேலையைப் பார்த்துவந்த செல்வி என்ற உதவியாளரும் பாயும் சேர்ந்து அந்தத் தடவையை முடித்தார்கள். செல்வி போனில் சொன்னாள்: "மேடம், சாதா சேம்பர்ல தூங்குது. குளிர் சேம்பர்ல முழிச்சிருக்கு. இருபத்தேழு நல்லாவே முந்துது. எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே வந்துருக்கு."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்குக் கோபம்தான் வந்தது. செல்வி பக்கத்திலேயே நின்றதால் பாயால் இலைகளை மாற்ற முடியவில்லை என்று தோன்றியது. உடம்பு தேறி வந்ததும் ஐந்தாம் தடவை நானே செய்தேன். காலையில் போய் ஒவ்வொரு நாற்றையும் இன்னும் கவனமாகச் சரிபார்த்தேன். திரும்பவும் விழித்திருந்தது. எனக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. அன்று மதியமே இயக்குநருக்குக் கடிதம் எழுதினேன். காஜா மொய்தீன் ஆய்வில் குறுக்கிடுகிறார் என்று சந்தேகிக்கிறேன், விசாரிக்க வேண்டும், விசாரணை முடியும்வரை நிரந்தரப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது. மூன்று வாக்கியம்.

இயக்குநர் அம்பாசமுத்திரத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஏம்மா, பதினோரு வருசமா இருக்க ஆளு. நீ எழுதுனா அவனுக்கு அதோட முடிஞ்சுது. யோசிச்சுத்தான் எழுதியிருக்கியா?"

"யோசிச்சுத்தான் சார். அவரோட மச்சான் விதைக்கடை வச்சிருக்கார்ல?"

இரண்டு நாள் கழித்து அவர் அறையில் விசாரணை நடந்தது. நான், செல்வி, பாய், இயக்குநர். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. கடிதத்தை இயக்குநர் வாசித்தார். பாய் முகத்தில் ஆச்சரியம் இல்லை. எதிர்பார்த்திருந்தவர் போலக் கையிலிருந்த மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு நூறு பக்க நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்ன வே இது?"

"சேம்பர் கெட்டா என்னயத்தான் கேப்பாவன்னு தெரியும் சார். ரெண்டாந் தடவ கெட்டப்பவே எழுத ஆரம்பிச்சுட்டேன். யாரு எப்பம் உள்ள போறாவ, எப்பம் வெளிய வாராவ, எல்லாம் இருக்கு. முடிவு என்னன்னு செல்விட்ட கேட்டு ஓரத்துல குறிச்சிருக்கேன்."

இயக்குநர் பக்கங்களைத் திருப்பினார். நான் எட்டிப் பார்த்தேன். நீல மையில் தெளிவான கையெழுத்து. மேடம் உள்ளே 6.40, வெளியே 7.05. கெட்டது. மேடம் உள்ளே 6.35, வெளியே 7.05. கெட்டது. மேடம் விடுப்பு. நல்லது.

"மேடம் வந்த அன்னைக்கெல்லாம் கெட்டுப்போகுது சார். மேடம் காய்ச்சல்ல கெடந்த அன்னைக்கு மட்டும் சரியா வந்துருக்கு. நான் எல்லா நாளும் இருந்தேன்."

"நீரு என்ன சொல்ல வாரீரு?"

"நான் ஒண்ணும் சொல்ல வரல சார். கண்ணாடி வழியாப் பாத்ததச் சொல்லுதேன். மேடம் குனிஞ்சு ஒவ்வொரு செடியா பையத் தடவுதாவ. ஒண்ணு விடாமத் தடவுதாவ. கையில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

செல்வி தரையைப் பார்த்தாள். இயக்குநர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. ஆறு வாரமாக நான் பாயை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என் ஆராய்ச்சிய நானே கெடுப்பேனா சார்?" என்றேன்.

"அவன் மட்டும் எதுக்கும்மா கெடுக்கணும்? மச்சான் கடைன்னு நீ ஒரு காரணம் சொல்லுத. முடிவு சரியா வரலன்னு நீயே மறைக்கப் பாக்கன்னு அவனும் ஒரு காரணம் சொல்லலாம்லா?" கடிதத்தையும் நோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். "நாளைக்குப் பேசுவோம்."

என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். முதலில் வந்தது கோபம்தான். என்னையா வேவு பார்த்திருக்கிறார், அதுவும் கண்ணாடி வழியாக? கொஞ்ச நேரம் போனபிறகுதான், நான் அவரை எதன் வழியாகவெல்லாம் பார்த்தேன் என்பது நினைவுக்கு வந்தது. இருந்தாலும் நோட்டில் இருந்த நேரங்கள் பொய்யில்லை. இருபத்தைந்து நிமிடம், அரை மணி நேரம். அவ்வளவு நேரம் நான் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். தழும்பைத் தேடி இலையைத் திருப்பினேன். மடிப்பைப் பார்க்க இலையை விரலால் நீவினேன். ஒவ்வொரு நாற்றையும் அடியிலிருந்து நுனிவரை தொட்டேன். பத்து நிமிடத்தில் வெட்டி எடுத்தார்கள்.

அப்போதுதான் அது தோன்றியது. எழுப்பி குளிருக்கு மட்டும் விழிப்பதில்லை. தொட்டாலும், குலுக்கினாலும், காற்றில் அலைக்கழிந்தாலும் அந்த வகை மரபணுக்கள் சில செடிகளில் சற்று நேரம் விழித்துக்கொள்ளும். மாணவியாக இருந்தபோது படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்துபோன விஷயம். குளிர் படும்போது செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. விரல் பட்டாலும் பாய்கிறது. செடிக்கு இரண்டும் ஆபத்தின் செய்திதான், முதல் சில நிமிடங்களுக்கு.

முதல் இரண்டு தடவை? அப்போது நான் வேவு பார்க்க ஆரம்பித்திருக்கவில்லையே? என் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். எது எந்த நாற்று என்று தெரிவதற்காகக் கட்டும் அடையாள நூல்கள். குளிர் சேம்பர் நாற்றுகளுக்கு முதல் நாளே நூல் கட்டிவிட்டேன், மறுநாள் கதவைத் திறக்கக் கூடாது என்று. சாதா சேம்பருக்கு என்ன அவசரம் என்று வெட்டுகிற அன்று காலையில்தான் கட்டினேன். இரண்டு தடவையும் என் கையால்தான் கட்டினேன். எனக்குக் காய்ச்சல் வந்த தடவையில் செல்வி இரண்டு சேம்பருக்கும் முதல் நாளே கட்டியிருந்தாள்.

ஆக, நான் தொட்டதால் முடிவு கெட்டது. கெட்டதால் சந்தேகம் வந்தது. சந்தேகத்தால் இன்னும் அதிகமாகத் தொட்டேன். நான் எவ்வளவு கவனமாகக் காவல் காத்தேனோ அவ்வளவு உறுதியாக அன்றே திருட்டு நடந்தது.

இது ஊகம்தான். அதை நிரூபிக்காமல் யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் இயக்குநரிடம் போய் ஒரு சோதனை செய்ய அனுமதி கேட்டேன்.

"செய்யி. ஆனா அளக்கது நீ இல்ல," என்றார்.

"சாவியும் என்ட்ட வேண்டாம் சார்."

என் சாவியைப் பாயிடம் கொடுத்தேன். அவர் இயக்குநரைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். செல்வி சாதா சேம்பரில் நாற்றுத் தட்டுகளை வைத்தாள். பாதித் தட்டுகளை யாரும் தொடக் கூடாது. மீதியை, எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே நிற்க, நான் வழக்கம்போல நீவ வேண்டும். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, பாயின் முன்னால் விரித்துக் காட்டினேன். அவர் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலும். அவர் பார்த்தது வலித்தது. வெட்டிய இலைகளுக்குச் செல்வி தனக்கு மட்டும் தெரிந்த எண்களைப் போட்டு அளந்தாள்.

தொடாத செடிகளில் எழுப்பி தூங்கியது. தொட்ட செடிகளில் விழித்திருந்தது. அதே தட்டுகளில் மதியம் எடுத்த இலைகளில் அது திரும்பவும் தூங்கிப்போயிருந்தது.

செல்வி எண்களை வாசித்தபோது எனக்குள் முதலில் எழுந்தது என்ன என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். சந்தோஷம்தான். என் ஊகம் சரி என்ற சந்தோஷம். தலையை நிமிர்த்தியபோது எதிரே பாய் நின்றிருந்தார். அப்புறம்தான் வெட்கம் வந்தது. அது ரொம்ப நாள் போகவில்லை.

கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். என்ன நடந்தது என்பதையும் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். இயக்குநர் வாங்கி வைத்துக்கொண்டு, "பட்டியல் திங்கக்கிழமையே போயிட்டும்மா. அவன் பேரு இல்லாமத்தான் போச்சு. அடுத்த பட்டியல்ல பாப்போம்" என்றார். அடுத்த பட்டியல் வந்து அவர் நிரந்தரமாக மூன்று வருடம் ஆயிற்று.

விதையும் அந்தப் பிசானத்துக்குக் கொடுக்கப்படவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். இருபத்தேழாம் எண்ணில் எழுப்பி சீக்கிரம் விழிப்பது உண்மைதான். ஆனால் நான் பெருமையடித்துக்கொண்ட அளவுக்கு இல்லை. மறுவருடம் விதை கொடுத்த அடிவார வயல்கள் சிலவற்றில் பதர் குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை. முதல் ஐந்து தடவைகளில் எதை நம்பலாம் என்று கேட்டால், எனக்குக் காய்ச்சல் வந்த தடவையை மட்டும்தான்.

பாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கட்டடத்துக்குப் பின்னால் கம்ப்ரஸரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் எண்ணெய்.

"தப்பு என் மேலதான் பாய். மன்னிச்சிருங்க."

"சரி மேடம்." ஒரு திருகு மரையைத் துடைத்துத் துணிமேல் வைத்தார். "ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"கரண்ட் போச்சா, சூடு கொறஞ்சுதா, யாரு போனான்னு வளைச்சு வளைச்சுக் கேட்டிய. நீங்க எதும் பண்ணுனீயளான்னு என்ட்ட ஒரு நாளாவது நேரா கேட்டியளா?"

நான் துணிமேல் இருந்த மரையைப் பார்த்தேன்.

"கேட்டிருந்தா எனக்குக் கோவம் வந்துருக்கும். வந்த கோவத்துல, நீங்க செடியில என்ன தடவுதியன்னு நானும் கேட்டுருப்பேன். அன்னைக்கே முடிஞ்சிருக்கும்." பிறகு அடுத்த மரையை எடுத்தார். "நானும் கேக்கலதான். எனக்கு வேல போயிரும்னு பயம். ஒங்களுக்கு என்ன பயம் மேடம்?"

அதற்குப் பதில் இன்று யோசித்தால்தான் தெரிகிறது. என் ஊகம் தவறாகிவிடுமோ என்ற பயம். அது தவறு என்று ஒரு செடி சொல்வதைவிட, ஒரு ஆள் கெடுத்தான் என்பது எனக்கு வசதியாக இருந்தது.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முடிவு புரியாமல் போனால் சந்தேகப்படுங்கள், தாராளமாக. பட்டியலில் முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள். நீங்கள் உள்ளே போனதும் வந்ததும் பதிவேட்டில் இருக்கட்டும். செடியைப் பார்க்கப் போவதையே செடி ஒரு சம்பவமாக எடுத்துக்கொள்ளும், அதை மறக்காதீர்கள். ஆளின் மேல் சந்தேகம் வந்தால், பொறி வைக்கும் முன் அந்த ஆளிடம் போய்க் கேளுங்கள். கேட்பது கஷ்டம்தான். நான் கேட்காமல் விட்டதற்கு என்ன கொடுத்தேன் என்பதையும் சொல்லி முடிக்கிறேன்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் நானும் பாயும் ஒரே கூடத்தில் வேலை பார்த்தோம். அவருடைய மகள் கல்யாணத்துக்கு மேலப்பாளையம் போய்ப் பிரியாணி சாப்பிட்டேன். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் தினமும் வந்து பார்த்தார். பழசையெல்லாம் மறந்துவிட்டார் என்று கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்ப ஆசைப்பட்டேன்.

ஓய்வுபெற்ற அன்று மாலை, சாதா சேம்பரைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் போல இருந்தது. "பாய், வாங்க, ஒரு எட்டு உள்ள போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றேன்.

"ஒரு நிமிசம் மேடம்," என்றார். வாசல் பக்கம் திரும்பி, காவல்காரரைக் கூப்பிட்டார். "இசக்கிமுத்து, இங்கன கொஞ்சம் வாரீயளா? நாங்க ரெண்டு பேரும் சேம்பருக்குள்ள போறோம். நீங்களும் கூட வாங்க."

இசக்கிமுத்து வந்து சேரும்வரை நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே நின்றோம். அந்தப் பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட பாய் என்னோடு தனியாக அந்த அறைக்குள் வந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.